கிளினிக்கல் சைக்காலஜி மாணவரின் திறமையை எதை வைத்து மதிப்பிடுவது?

மனநல நோயாளிகளைச் சோதித்துப் பேச்சுவழிச் சிகிச்சை தரக் கற்றுக்கொடுக்கும் இரண்டு வருடப் படிப்பான எம்.ஃபில். கிளினிக்கல் சைக்காலஜி நடத்தும் ஒரு துறையில் புதிதாகச் சேர்ந்த ஆசிரியர் ஒருவர் கேட்ட கேள்வி இது. தியரியில் முதல் மார்க் வாங்கும் மாணவி நோயாளி எதிரே உட்கார்ந்தால் திணறுகிறார். பரீட்சையில் சுமாரான இன்னொரு மாணவரை நோயாளிகள் பெயர் சொல்லித் தேடி வருகிறார்கள். வருடக் கடைசியில் இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே கிளினிக்கல் மார்க் போகிறது. இதைச் சரியாக மதிப்பிட வழி இருக்கிறதா?

இருக்கிறது. மாணவர் நோயாளியோடு இருக்கும்போது யாராவது ஒருவர் அதைப் பார்க்கவோ கேட்கவோ வேண்டும். மற்ற எல்லாமே இதற்கு அப்புறம்தான். கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கும். ஆனால் ஒரு முழு செஷனைக்கூட சூப்பர்வைசர் உட்கார்ந்து பார்க்காமலே இரண்டு வருடத்தை முடித்துவிட்டு வெளியே வந்தவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள்.

இப்போதைய ஏற்பாட்டை முதலில் பார்ப்போம். இந்தியாவில் இந்தப் பயிற்சி பெங்களூரில் 1955இல் தொடங்கியது, இன்றைய தேசிய மனநல நிறுவனமான நிம்ஹான்ஸின் முன்னோடி நிறுவனத்தில். இப்போது ஆர்.சி.ஐ., அதாவது இந்திய மறுவாழ்வு கவுன்சில், வகுத்த பாடத்திட்டம்தான் எல்லா இடத்திலும். எழுத்துத் தேர்வு, பிராக்டிகலோடு வைவா, முதல் வருடம் டெஸ்ட்கள் போட்டு நோயாளியை மதிப்பிட்டு எழுதும் ஐந்து முழு சைக்கோடயக்னாஸ்டிக் ரிப்போர்ட், இரண்டாம் வருடம் ஐந்து தெரபி ரெக்கார்டு, ஒரு ஆய்வேடு. 2022இல் யு.ஜி.சி. எம்.ஃபிலை நிறுத்தியபோதும் இந்தப் படிப்புக்கு 2025-26 வரை அவகாசம் கிடைத்தது. நாளைக்குப் பட்டத்தின் பெயர் எதுவாக மாறினாலும் உங்கள் கேள்வி அப்படியேதான் இருக்கும்.

பட்டியலைப் பார்த்தால் குறை தெரியாது. ஆனால் அந்த ஐந்து தெரபி ரெக்கார்டு எப்படித் தயாராகிறது என்று யோசியுங்கள். செஷன் முடிந்து சாயங்காலமோ, இரண்டு நாள் கழித்தோ, மாணவர் ஞாபகத்திலிருந்து எழுதுகிறார். சூப்பர்வைசர் சிவப்பு மையில் திருத்துகிறார். மறுபடி எழுதுகிறார், மறுபடி திருத்தம். பைண்டிங் ஆகி வரும்போது அதில் இருப்பதில் பாதி சூப்பர்வைசரின் அறிவு. வெளியிலிருந்து வரும் எக்ஸாமினர் அதற்குத்தான் மார்க் போடுகிறார். வைவாவிலும் இதே கதை. "இந்த நோயாளிக்கு என்ன செய்வீர்கள்?" என்ற கேள்விக்கு நன்றாகப் பதில் சொல்வது ஒரு திறமை. அதைச் செய்வது வேறொரு திறமை.

மருத்துவக் கல்வியில் ஜார்ஜ் மில்லர் 1990இல் இதை நான்கு படியாகப் பிரித்தார்: தெரியும், எப்படிச் செய்வதென்று தெரியும், செய்து காட்டுவார், நிஜத்தில் செய்கிறார். நம் எழுத்துத் தேர்வும் வைவாவும் முதல் இரண்டு படியோடு நின்றுவிடுகின்றன. பிராக்டிகல் மூன்றாவதைக் கொஞ்சம் தொடுகிறது. நான்காவது படியைப் பற்றி நமக்குக் கிடைப்பதெல்லாம் மாணவர் சொல்லும் கதைதான்.

இது பழைய பிரச்சினை. அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரோஜர்ஸ் 1940களின் தொடக்கத்தில் ஒஹையோவில் கவுன்சலிங் செஷன்களை கிராமஃபோன் தட்டில் பதிவு செய்தார். சில நிமிடங்களுக்கு ஒருமுறை தட்டை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். அந்தக் காலத்திலேயே அவ்வளவு பாடுபட்டார்கள். இன்று எல்லோர் பையிலும் ஃபோன் இருக்கிறது, பதிவு மட்டும் இல்லை.

பதிவுக்கு நோயாளியின் எழுத்துபூர்வமான சம்மதம் வேண்டும். 2017 மனநலச் சட்டம் ரகசியம் காக்கப்படுவதை நோயாளியின் உரிமையாகவே வைத்திருக்கிறது. அதனால் மாணவரின் சொந்த ஃபோனில் பதிவு செய்ய விடாதீர்கள். துறைக்கென்று ஒரு சின்ன ரெக்கார்டர், பூட்டிய அலமாரி, கேட்டு முடித்ததும் அழித்துவிடும் வழக்கம், இவ்வளவு போதும். "நான் பயிற்சியில் இருக்கிறேன், என் சீனியர் இதைக் கேட்டு எனக்குச் சொல்லித் தருவார், வேண்டாம் என்றாலும் சிகிச்சையில் எந்தக் குறையும் வராது" என்று மாணவரே வாய் திறந்து சொல்ல வேண்டும். அவர் அதைச் சொல்லும் விதமே ஒரு மதிப்பீடு. முக்கால்வாசி நோயாளிகள் இவர்களை "டாக்டரம்மா", "சார்" என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மரியாதையைச் சும்மா வாங்கி வைத்துக்கொள்கிறாரா, தான் யார் என்று சொல்கிறாரா என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

பதிவுக்கு வழியில்லாத அரசு ஆஸ்பத்திரி ஓபி என்றால் ஓரமாக ஒரு நாற்காலி போட்டு உட்காருங்கள். முழு செஷனும் வேண்டாம், பத்துப் பதினைந்து நிமிடம் போதும். முதல் சில நிமிடம் மாணவர் உங்களுக்காக நடிப்பார், அப்புறம் மறந்துவிடுவார்.

சரி, உட்கார்ந்து எதைப் பார்ப்பது? "ராப்போ (நோயாளியோடு இணக்கம்) நன்று", "எம்பதி (பரிவோடு புரிந்துகொள்வது) போதாது" மாதிரி வார்த்தைகள் மதிப்பீட்டுப் படிவத்தில் நிறைய இருக்கும், அவற்றால் யாருக்கும் பிரயோஜனம் கிடையாது. இரண்டு இடங்களை மட்டும் கிட்டப் போய்ப் பார்ப்போம்.

முதலாவது வி.எஸ்.எம்.எஸ்., அதாவது சாப்பிடுவது, உடுத்துவது போன்ற அன்றாட வேலைகளில் குழந்தை எவ்வளவு தேறியிருக்கிறது என்று அளக்கும் வைன்லேண்ட் டெஸ்ட். பார்க்க இதைவிட எளிய டெஸ்ட் இல்லை என்று தோன்றும். நாக்பூரில் மாலின் தழுவிய இந்திய வடிவத்தில் 89 கேள்விகள், பெரும்பாலும் அம்மாவிடம் பேசியே முடித்துவிடலாம். அதனால்தான் முதல் வருட மாணவர் தலையில் கட்டிவிடுகிறோம். மாணவர் கேட்கிறார்: "பையன் தானா சாப்பிடுவானாம்மா?" அம்மா: "சாப்பிடுவான் சார்." டிக். அடுத்த கேள்வி. இதே இடத்தில் தேர்ந்தவர் கேட்பது வேறு மாதிரி இருக்கும். "நேத்து ராத்திரி என்ன சாப்பிட்டான்? யார் போட்டுக் குடுத்தா? பிசைஞ்சு குடுத்தீங்களா, அவனே பிசைஞ்சானா? நீங்க பக்கத்துல இல்லன்னா?" இப்போது அம்மா சொல்கிறார்: "இல்ல சார், நான்தான் உருட்டிக் கையில குடுப்பேன். வாயில அவனே போட்டுக்குவான்." டிக் போன இடம் வேறு. அந்த ஸ்கேல் கேட்பது குழந்தை வழக்கமாக எதைச் செய்கிறது என்பதை. செய்ய முடியுமா என்பது அதன் கேள்வி அல்ல. அம்மாவின் பாசமும் வெட்கமும் இந்த இரண்டையும் கலந்துவிடும், பிரித்தெடுப்பதுதான் மாணவரின் வேலை.

இதில் போய் இவ்வளவு பிடிவாதமா என்று கேட்கலாம். இந்த டெஸ்டில் வரும் வயதை, அதாவது சோஷியல் ஏஜை, நிஜ வயதால் வகுத்து நூறால் பெருக்கினால் வருவது கோஷண்ட். பத்து வயதுக் குழந்தைக்குச் சோஷியல் ஏஜில் நான்கு மாதம் கூடிப்போனால் கோஷண்ட் மூன்று புள்ளிக்கு மேல் ஏறும். 2018இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டுதலில் 55 முதல் 69 வரை என்றால் 50 சதவீத மாற்றுத்திறன், 70 முதல் 84 வரை என்றால் 25 சதவீதம் என்று இருந்தது. 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டப்படி முக்கியமான சலுகைகளுக்குக் குறைந்தது 40 சதவீதம் வேண்டும். அந்தக் கணக்கில் 68 வர வேண்டிய குழந்தைக்கு 71 போட்டால் அந்தக் குடும்பத்துக்குச் சான்றிதழ் இருந்தும் இல்லாத மாதிரிதான். ரிப்போர்ட்டை மட்டும் படிக்கிற சூப்பர்வைசருக்கு இந்தப் பிழை ஒருநாளும் தெரியவராது, ரிப்போர்ட்டில் கணக்கு சரியாகத்தான் இருக்கும். நீங்களும் ஒரு ஸ்கோர் ஷீட்டை வைத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து தனியாக டிக் போட்டால், முடிவில் இரண்டு ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்ததும் தெரிந்துவிடும். பினே-காமத், மாலின் போன்ற ஐ.க்யூ. டெஸ்ட் எல்லாவற்றுக்கும் இதே வழிதான்.

இரண்டாவது இடம் தற்கொலை எண்ணத்தைப் பற்றிக் கேட்பது. ஐம்பது வயதுப் பெண் ஒருவர் வந்திருக்கிறார். மாணவி தூக்கம், பசி எல்லாம் வரிசையாகக் கேட்டுக்கொண்டிருக்கிறார். நடுவில் அந்தம்மா சொல்கிறார்: "எதுக்குடா இருக்கோம்னு ஆயிடுச்சும்மா." மாணவி தலையாட்டிவிட்டு, "காலைல எத்தனை மணிக்கு முழிப்பு வருது?" என்கிறார். படிவத்தில் அடுத்து அதுதான் இருந்தது. கடைசியில் நினைவு வந்து கேட்கிறார்: "தப்பான எண்ணம் எல்லாம் ஒண்ணும் வரலைல்ல?" அந்தம்மா, "சேச்சே, அதெல்லாம் இல்ல" என்கிறார். ரெக்கார்டில் என்ன பதிவாகும்? தற்கொலை எண்ணம் கேட்கப்பட்டது, இல்லை. புத்தகப்படி முழு மார்க்.

பதிவைக் கேட்டவருக்குத்தான் விஷயம் புரியும். "வரலைல்ல?" என்று கேட்டால் வரவில்லை என்றுதான் பதில் வரும், அதைவிட வேறு பதிலை அந்த மாணவி தாங்கமாட்டார் என்று அந்தம்மாவுக்கே தெரிந்துவிட்டது. கூடவே மகன் பக்கத்தில் நிற்கிறார். நல்ல மாணவர் அந்த முதல் வாக்கியத்திலேயே நின்றிருப்பார். மகனைக் கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லியிருப்பார். "செத்துப் போயிடலாம்னு தோணியிருக்காம்மா?" என்று நேராகக் கேட்டிருப்பார். தோணியிருக்கிறது என்றால் எப்போது, எப்படிச் செய்ய நினைத்தார், வீட்டில் பூச்சிமருந்தோ மாத்திரையோ எங்கே இருக்கிறது என்று அடுத்தடுத்துப் போயிருப்பார். இதையெல்லாம் ஆம், இல்லை என்று குறிக்க முடியும். "எம்பதி 3/5" என்று போடுவதைவிட, "அந்தம்மா எதுக்கு இருக்கோம்னு சொன்னபோது நீங்கள் தூக்கத்தைப் பற்றிக் கேட்டீர்கள்" என்று சொன்னால் மாணவி அடுத்த வாரமே மாறுவார்.

கருவிகளே வேண்டாம் என்று சொல்லவில்லை. எண்ணங்களையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் சி.பி.டி. சிகிச்சைக்கு, இங்கிலாந்தின் நியூகாசிலில் 2001இல் வந்த சி.டி.எஸ்.-ஆர். என்ற அளவுகோல் இருக்கிறது. 12 தலைப்பு, ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 6, மொத்தம் 72. 36 வாங்கினால் தேறியதாக வைத்துக்கொள்வது வழக்கம். ஆனால் நம் ஓபியில் பதினைந்து நிமிடம் கிடைத்தாலே பெரிய விஷயம். முழு நீள சி.பி.டி. செஷனை மனதில் வைத்துச் செய்த அளவுகோல் பாதி இடத்தில் பொருந்தாது. நம் ஊருக்கு நெருக்கமாக எனக்குப் படுவது இனாக்ட் என்ற அளவுகோல். பிராண்டன் கோர்ட்டும் அவர் குழுவும் நேபாளத்தில், சைக்காலஜி படிக்காத சுகாதாரப் பணியாளர்களை மதிப்பிடுவதற்காக உருவாக்கி 2015இல் வெளியிட்டார்கள். பிறகு உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் தங்கள் ஈக்விப் திட்டத்தில் அதை 15 தலைப்பாக்கி இலவசமாகவே கொடுக்கின்றன. அதில் எனக்குப் பிடித்தது அதன் மிகக் கீழ்ப் படி. ஒவ்வொரு தலைப்பிலும் முதலில் கேட்பது, இவர் தீங்கு செய்கிறாரா என்பதை. நோயாளியை அதட்டினாரா, சொல்வதை வெட்டினாரா, தீர்ப்புச் சொன்னாரா, ரகசியத்தை வீட்டாரிடம் போட்டு உடைத்தாரா என்று. திறமையை அளக்கும் முன் தீங்கை அளப்பது நல்ல வரிசை. "படிக்காதவர்களுக்கான அளவுகோலா?" என்று மாணவர் முகம் சுளிப்பார், விடுங்கள். அதில் தவறுகிற எம்.ஃபில். மாணவர்கள் உண்டு.

எந்தக் கருவியானாலும், வருடம் தொடங்கும் முன் துறையில் உள்ள எல்லா சூப்பர்வைசரும் ஒரே பதிவைக் கேட்டுத் தனித்தனியாக மார்க் போடுங்கள். ஒருவர் 4, இன்னொருவர் 1 போட்டிருப்பார். அதை வைத்து ஒரு மணி நேரம் சண்டை போடுங்கள். அந்தச் சண்டை நடக்காத துறையில் மாணவரின் மார்க் அவருக்கு எந்த சூப்பர்வைசர் வாய்த்தார் என்பதைத்தான் காட்டும்.

ஆஸ்கி நடத்தலாமா என்றும் கேட்கிறார்கள். 1975இல் ஸ்காட்லாந்தின் டண்டியில் ரொனால்ட் ஹார்டன் டாக்டர்களுக்காகக் கொண்டுவந்த முறை இது. வரிசையாக மேசைகள், ஒவ்வொன்றிலும் நோயாளியாக நடிப்பவர், சில நிமிடத்தில் ஒரு வேலை. அவசர நிலைமைகளைச் சோதிக்க இதுதான் வழி. நிஜ நோயாளி எல்லா மாணவருக்கும் ஒரே மாதிரி கிடைக்கமாட்டார். ஜூனியர் மாணவர்களை நடிக்க வைக்காதீர்கள், அவர்கள் பாடப்புத்தக அறிகுறியை ஒப்பிப்பார்கள். உள்ளூரில் நாடகம் போடுகிறவர்களைக் கூப்பிடுங்கள், குடித்துவிட்டு வந்த கணவனாகவும் வாயே திறக்காத மாமியாராகவும் பிரமாதப்படுத்துவார்கள். இரண்டு எச்சரிக்கை. செக்லிஸ்ட்டை மட்டும் நம்பினால், எல்லாக் கேள்வியையும் மூச்சுவிடாமல் கேட்டு முடிப்பவர் ஜெயிப்பார். கனடாவில் பிரையன் ஹாட்ஜஸ் குழு 1999இல் பார்த்தபோது, அனுபவம் கூடக் கூட செக்லிஸ்ட் மார்க் கூடவில்லை. அனுபவசாலிகள் தேவையில்லாத கேள்வியைக் கேட்பதில்லை. அதனால் மொத்த அபிப்பிராயத்துக்கும் ஒரு மார்க் வையுங்கள். இன்னொன்று, ஆர்.டி.ஓ. ஆபீஸில் எட்டுப் போட்டவர் எல்லோரும் கத்திப்பாரா பாலத்தில் ஒழுங்காக ஓட்டுவதில்லை. ஆஸ்கி அந்த எட்டுதான்.

மாணவரின் சுய மதிப்பீட்டைக் கேளுங்கள், ஆனால் மார்க்கில் சேர்க்காதீர்கள். அமெரிக்காவில் 2012இல் ஸ்டீவன் வால்ஃபிஷ் குழு 129 மனநலப் பணியாளர்களிடம் தங்களைத் தாங்களே ஒப்பிட்டுச் சொல்லச் சொன்னது. சராசரிக்குக் கீழே என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை. அனுபவஸ்தர்களே இப்படி. சுய மதிப்பீடு வேறொன்றுக்கு உதவும். "இந்த வாரத்தில் உங்களுக்கே பிடிக்காத பத்து நிமிடத்தைக் கொண்டு வாருங்கள்" என்று கேளுங்கள். சரியான பத்து நிமிடத்தைக் கொண்டு வருகிறவர் வளருவார். நன்றாகப் போன செஷனையே திரும்பத் திரும்பக் கொண்டு வருபவர் மேல்தான் ஒரு கண் வேண்டும். ஆனால் கொண்டு வந்த மோசமான பதிவுக்கு மார்க் குறைத்தீர்கள் என்றால் அதோடு முடிந்தது, இனி ஒருவரும் எதையும் காட்டமாட்டார்கள். கற்பதற்காகக் கேட்கும் பதிவு வேறு, மார்க்குக்காகக் கேட்கும் பதிவு வேறு என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். முடிந்தால் மார்க் போடுபவரும் வேறு சூப்பர்வைசராக இருக்கட்டும்.

சூப்பர்வைசர்கள் மட்டும் சுத்தம் என்று நினைக்க வேண்டாம். ஆஸ்திரேலியாவில் கிரெய்க் கொன்சால்வெஸ் உல்லாங்காங் பல்கலைக்கழகத்தில் 2007இல் பார்த்தபோதும் மார்க் தாராளமாகத்தான் விழுந்திருந்தது. பிறகு அவர் எண்ணையே விட்டுவிட்டு வேறு வழி தேடினார். பல நிலையில் இருக்கும் மாணவர்களைப் பற்றிய சின்னச் சின்ன வர்ணனைகளைக் கொடுத்து, உங்கள் மாணவர் இதில் யாரைப் போல என்று தேர்ந்தெடுக்கச் சொல்வது. 7க்கும் 8க்கும் நடுவில் கருணை நுழைவது சுலபம். "நோயாளி அழுதால் பேச்சை மாற்றுகிறார்" என்ற வர்ணனையை நீக்கிவிட்டு வேறொன்றைத் தேர்ந்தெடுக்கக் கொஞ்சம் கை கூசும். நம் ஊரில் அந்தக் கருணைக்குக் காரணங்கள் கூடுதல். இரண்டு வருடம் பழகிய பிள்ளை, கடன் வாங்கிப் படிக்கும் குடும்பம், ஃபெயில் போட்டால் வரும் ஃபோன் கால்கள். "போகட்டும் சார், வெளியே போய்க் கத்துக்குவான்" என்பார்கள். வெளியே யாரும் கற்றுத்தரப் போவதில்லை. ஆர்.சி.ஐ. பதிவு எண் வந்துவிட்டால் மூடிய அறைக்குள் அவர் என்ன செய்கிறார் என்று பார்க்க ஆளே கிடையாது.

இனி நீங்கள் சொன்ன அந்த இரண்டாவது மாணவர், நோயாளிகள் தேடி வருகிறவர். அவரையும் உட்கார்ந்து பாருங்கள். நோயாளிக்குப் பிடித்திருப்பது நல்ல அறிகுறிதான், ஆனால் ஏன் பிடித்திருக்கிறது என்று தெரிய வேண்டும். கேட்கிறார், பொறுமையாக இருக்கிறார் என்றால் சந்தோஷம். சொந்த ஃபோன் நம்பரைக் கொடுத்திருக்கிறார், மாமியாரை எப்படிச் சமாளிப்பது என்று அறிவுரை சொல்கிறார், ஒவ்வொரு செஷனும் அரட்டையாக ஓடுகிறது என்றால் இப்போதே பேச வேண்டிய விஷயம். நோயாளி முன்னேறுகிறாரா என்று எளிய அளவுகோல் ஒன்றை செஷனுக்குச் செஷன் போட்டுப் பார்ப்பது இங்கே உதவும். ஆனால் அதை மார்க் ஆக்காதீர்கள். ஒரு மாணவருக்குக் கிடைக்கும் கேஸ்கள் குறைவு, ஒருவர் கையில் லேசானவை, இன்னொருவர் கையில் பத்து வருட ஓ.சி.டி. விட்டுப் போகிறவர்களிலும் பஸ் காசுக்கும் நடவு வேலைக்கும் போனவர்கள் பாதி. ஒரே மாணவரிடம் முதல் செஷனோடு தொடர்ந்து ஆட்கள் நின்றுபோனால் மட்டும் அந்த முதல் செஷன்களைக் கேளுங்கள்.

திணறும் அந்த மாணவிக்கு ஆறு மாதத்துக்குள் எழுத்தில் சொல்லிவிட வேண்டும். என்ன பார்த்தீர்கள், எந்த செஷனில், என்ன மாற வேண்டும், எந்தத் தேதிக்குள், யார் மறுபடி பார்ப்பார்கள் என்று. தியரி தெரிந்தவர் திணறுவதற்குப் பெரும்பாலும் காரணம், படிவத்தை விட்டால் விழுந்துவிடுவோம் என்ற பயம். படிவமே இல்லாமல் சில இன்டேக், அதாவது புது நோயாளியோடு முதல் பேட்டி, செய்ய வையுங்கள், நீங்கள் பக்கத்தில் இருங்கள். வேகமாகத் தேறுவார்கள். தேறாமல் போனால், பதினெட்டு மாதம் சும்மா இருந்துவிட்டுக் கடைசி வைவாவில் குண்டு போடாதீர்கள். அது அவருக்குச் செய்யும் அநியாயம், அப்பீல் போனால் துறையின் முடிவும் நிற்காது. தேதி போட்ட பார்வைக் குறிப்புகள் கையில் இருந்தால், பயிற்சியை நீட்டுவதா, ஆய்வுப் பக்கம் போகச் சொல்வதா என்று அவரோடு உட்கார்ந்தே பேச முடியும்.